ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எனக்குப் பொறுமை கிடையாது. என் வீட்டுக்காரருக்கு அது தேவைக்கு மேலேயே உண்டு. நாங்கள் மாதா கோயில் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை இவர் வயலில் வேலை செய்ய மாட்டார், என்னையும் செய்ய விடமாட்டார். அந்த வருடம் பார்த்து எங்கள் கடைமடைக்கு முறைத்தண்ணீர் ஞாயிறன்றுதான் வந்தது. இருட்டினால் அடுத்த ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். நாற்று வேறு முற்றிக்கொண்டிருந்தது.

குத்தகைக்காரர் பெயரைப் பதியலாம் என்று சட்டம் வந்து ஊரெங்கும் சண்டை நடந்த காலம் அது. நாங்களும் மனுக் கொடுத்திருந்தோம். வயல் தரிசாகக் கிடந்தால், நாங்கள்தான் உழுகிறோம் என்று யார் நம்புவார்கள்?

மனு விஷயம் காதில் விழுந்து, நிலத்துக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கினார். அதிராம்பட்டினத்து முஸ்லிம் வியாபாரி. என் வீட்டுக்காரர் பூசைக்குப் போன வெள்ளை வேட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ப்பா, மடையைத் தொறக்கலையா?"

"ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சுட்டு ஏழாம் நாள் ஆண்டவரே ஓய்ஞ்சிருந்தாருங்க முதலாளி."

"ஆறு நாள் எங்களுக்கும் உண்டு. ஓய்வுதான் இல்ல. படைச்சவனுக்கு ஏதுப்பா களைப்பு?"

"களைப்பு இல்லீங்க. எல்லாம் நல்லாருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு."

ஆதாமை ஆண்டவன் மண்ணில் செய்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் தகராறே இல்லை. களிமண்ணா வண்டலா என்று சிரித்துக்கொண்டார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆதாம் இருக்கட்டுங்க, தண்ணி போவுது!" என்று கத்தினேன்.

முதலாளி எழுந்து கைலியை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை எடுத்தார்.

"ஓய்வு ஒனக்குத்தானேப்பா? எனக்கு இல்லையே."

மடையை வெட்டிவிட்டார். வயல் நிரம்ப நிரம்ப எனக்குப் பயம்தான் கூடியது. அவர் கையாலேயே பாய்ச்சியாயிற்று. நாளைக்கு 'என் சொந்தச் சாகுபடி' என்று அவர் சொன்னால்? திங்களன்று நட்டபோது இவரைத் திட்டிக்கொண்டேதான் நட்டேன்.

தாலுகா ஆபீசில் விசாரணை நடந்த அன்று என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "சாகுபடி யார் பண்றது?" என்று தாசில்தார் கேட்டார்.

முதலாளி என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்கதான். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் நான்."

தாசில்தாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன்.