கடைமடைக்கு முதல் தண்ணீர்

படத்தில் ஒரு செங்குத்தான மலைச்சுவர். அதன் இடுப்பில் முழ அகலத்தில் ஒரு வாய்க்கால். கீழே மேகம், அதற்கும் கீழே அட்லாண்டிக் கடல். நீல மழைக்கோட்டில் நிற்கும் சின்னம்மாவின் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. எடுத்தவருக்குத் தண்ணீர்தான் முக்கியம்.

சின்னம்மா தாவரவியல் ஆய்வுக்காக போர்ச்சுகலின் மதீரா தீவுகளில் சில காலம் இருந்தவர். அங்கே பனிமூட்டம் விலகாத, கிளையெல்லாம் பாசி தொங்கும் ஆதிக்காடு உண்டு. நான் வேலை பார்க்கும் நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னேன். அவர் வாய்க்கால்களைப் பற்றியே பேசினார். வடக்குச் சரிவின் மழையை மலையைக் குடைந்து தெற்கே வாழைக்கும் கரும்புக்கும் கொண்டுபோனார்கள். கயிற்றுக் கூடைகளில் தொங்கியபடி பாறையை வெட்டியவர்களில் அடிமைகளும் கைதிகளும் இருந்தார்கள். விழுந்தவர்கள் விழுந்தார்கள். இன்று அந்தக் கரையில் சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலை வெட்டியதும் தூர்வாரியதும் எங்கள் ஆட்கள். பின்னாளில் நிலம் வாங்கியபோது கிடைத்தது கடைமடை. தலைமடை வயல்கள் நிரம்பி வழிந்த பிறகே எங்களுக்குத் தண்ணீர். ஒரு வருடம் ஆற்றில் வரத்து குறைந்து, எங்கள் நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்திருந்த சின்னம்மா பாசனக் கூட்டத்தில் எழுந்து, இந்தத் தடவை கடைசி வயலிலிருந்து தொடங்கலாம் என்றார். அந்தத் தீவில் அவரவர் முறைநேரம் முடிந்தால் யார் தோட்டமானாலும் மடையை அடைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

பாசனச் சங்கத் தலைவர் சிரித்தார். “ஏம்மா, அங்க மலை இருக்கு, தண்ணி தானா இறங்கிடும். இங்க தலமட பாஞ்சுதான் கடமட. தாத்தா காலத்து முறைம்மா இது.”

“அங்கயும் முறைன்னுதாங்க சொன்னாங்க. வெட்டுனவன் கூடையில தொங்குனான், தண்ணி தோட்டக்காரருக்குப் போச்சு. நாங்க தொங்குனது போதுங்க.”

கூடை எங்கே என்று பின்வரிசையில் ஒருவர் கிண்டல் செய்தார்.

“கூடை இல்லீங்க. மம்பட்டி இருக்கு” என்றார் சின்னம்மா.

மறுநாள் காலை கடைமடைப் பெண்களோடு போய்த் தலைமடை வாய்களை வைக்கோலும் சேறும் வைத்து அடைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்தார். தலைவர் போனும் கையுமாக நின்றார். புகார் கொடுத்தால் அந்தத் தாத்தா காலத்து முறை எங்கே எழுதியிருக்கிறது என்று காட்ட வேண்டும். எங்கும் எழுதியிருக்கவில்லை. சாயங்காலம் எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் நின்றது.

சின்னம்மா இப்போது இல்லை. ஆற்றில் தண்ணீர் குறையும் வருடங்களில் கடைமடையிலிருந்துதான் பாய்ச்சுகிறார்கள். எல்லோரும் மனமொப்பித்தான் என்று எழுத மாட்டேன். தலைமடையில் இன்னும் முணுமுணுப்பு உண்டு. எங்கள் பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மண்வெட்டியோடு கரைக்குப் போகிறார்கள்.