தூத்துக்குடிக் கடலில் ஓர் அரை அடி

இந்தப் பயணம் எழுபதுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதத்தில் நடந்தது. ஆகவே நான் சொல்லும் கட்டணங்களை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். காரணத்தையும் மறைக்கப் போவதில்லை. நண்பன் செல்வின்மீது எனக்கிருந்த பொறாமைதான் என்னை பஸ் ஏற்றியது.

நாங்கள் இருவரும் நாசரேத்தில் பள்ளி ஆசிரியர்கள். டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த 1658-ஆம் வருடத்துப் போரை அட்டைமேல் ஆடும் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தோம். கப்பல்களும் விதிகளும் என் பொறுப்பு, கடல் செல்வினுடையது. இரண்டு வருடம் மண்டையை உடைத்து ஒவ்வொரு கப்பலுக்கும் எத்தனை அடி தண்ணீர் வேண்டும் என்று நான் எழுதினேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. செல்வின் வரைபடத்தை விரித்ததும், வான் தீவுக்கு வெளியே ஒரு கட்டத்தில் '15½' என்று எழுதியிருந்ததைப் பார்த்து எங்கள் விளையாட்டுக் குழுவில் இருந்த மற்ற நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். "அரை அடி வரைக்கும் பாத்திருக்கான்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் அதை உட்கார்ந்த இடத்தில் அடித்துவிட்டிருக்கிறான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அந்த ஒரு கட்டத்தில்தான் போரே இருக்கிறது. என் பெரிய கப்பலுக்குப் பதினாறு அடி வேண்டும். பதினைந்தரை என்றால் தரைதட்டி நிற்கும், பதினெட்டு என்றால் நேராகக் கரையை நெருங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வரைபடத்தை முடிவு செய்து அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அதற்குள் தப்பைக் கண்டுபிடித்தால் வரைபடம் என் கைக்கு வரும், பெட்டியின்மேல் என் பெயர் முதலில் வரும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்கு பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் ரூபாய். ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஆறு ரூபாய்க்கு ஒரு அறை. விசிறி சுற்றியது, கொசு அதைச் சட்டை செய்யவில்லை. ஜெயித்த பிறகு தின்னலாம் என்று கால் கிலோ மக்ரூன் வாங்கி வைத்தேன். அறையிலேயே பாதி காலியாகிவிட்டது.

சனி அதிகாலை ஐந்தரைக்குத் திரேஸ்புரம் கரை. காலையில் கரைக்காற்று வள்ளத்தை வெளியே தள்ளும், பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று திருப்பிக் கொண்டுவரும். இதை மாற்றி யோசித்தால் வெயிலில் காய வேண்டியதுதான். சங்கு குளிக்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் மிக்கேல் என்பவர் இருபது ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். என் வயதுதான் இருக்கும், குட்டையான, உருண்ட ஆள். ஐந்து மைல் என்றார். ஏழே காலுக்குச் சேர்ந்தோம்.

அங்கே அடியில் இருப்பது முத்துச்சிப்பி வளரும் பாறை. மணல் போல இடம் மாறாது, அதனால் போர் நடந்த காலத்து ஆழமும் ஏறக்குறைய இதுதான். நீர் வற்றும் நேரம் பார்த்தே போயிருந்தேன். மிக்கேல் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இழுக்கும்போது இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார். அந்த ஊரில் அதற்குப் பெயர் பாகம். ஏழு இடத்தில் போட்டார், ஏழிலும் மூன்று பாகம். ஒரு பாகம் ஆறு அடி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மூவாறு பதினெட்டு. பலகையில் உட்கார்ந்து அதைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். செல்வினின் முகம் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று நினைத்து, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

திரும்பும்போது, முன்பு யாராவது இப்படி அளக்க வந்தார்களா என்று சும்மாதான் கேட்டேன்.

"போன மாசம் ஒரு கண்ணாடி போட்ட சார் வந்தாவ. நாசரேத்துதான். ஆனா அவிய கயித்தத் தொடுததுக்கு முந்தி என்னிய அளந்தாவ" என்றார் மிக்கேல்.

செல்வின்தான். தையற்காரர் டேப்பைக் கொண்டுவந்து, அவரை வள்ளத்தில் நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளந்தானாம். ஐந்து அடி இரண்டு அங்குலம். மூன்றால் பெருக்கினேன். பதினைந்தரை.

இவ்வளவு பாடு எதற்கு என்று அந்த சாரிடம் கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டேனே. அவிய கூட்டாளி ஒருத்தரு கப்பலுக்கெல்லாம் அடி அங்குலத்தோட எழுதி வச்சிருக்காராம். அதப் பாத்தா எனக்குத் தூக்கம் வரல, என் கடல் தப்பா இருந்தா அவன் முன்னால நிக்க முடியாதுன்னாவ."

நாலு பேரும் கவனிக்காததை ஒருவன் கவனித்திருக்கிறான். அதுவும் இவன். எனக்கு அழுகை வருமா எரிச்சல் வருமா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வரைபடத்தில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். நான் என் பெரிய கப்பலை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்து, "தரைதட்டிட்டு. ஆழம் சரிதான், நானே போய் அளந்துட்டேன்" என்றேன்.

செல்வின் கண்ணாடியைக் கழற்றினான். "யாரு கையில அளந்தலே?"

"மிக்கேல் கையில."

அவன் மிச்சமிருந்த மக்ரூனை என் பக்கத்திலிருந்து எடுத்துத் தின்றான்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச்சில் கடல் அமைதி. தண்ணீர், தொப்பி, காலி வயிறு நல்லது. பாகம் கணக்கில் யாராவது ஆழம் சொன்னால் முதலில் அவர் கையை அளந்துகொள்ளுங்கள். பொறாமையைக் கரையில் விட்டுப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. பெட்டியின்மேல் இன்றுவரை அவன் பெயர்தான் முதலில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிகிறது.