நாலு பத்துக்கு நின்ற பாட்டு

1. பிந்தி வந்த பாடகர்

வீட்டின் எல்லா அறைகளிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்கும் பெட்டி ஒன்றை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உள்ள எங்கள் சின்னக் கொம்பனி செய்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய பாட்டுகளை மட்டும் பாடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில், வெளியார் நடத்தும் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்றையும் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அங்கே மென்பொருள் எழுதுகிறவள்.

சேவைக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆட்கள் குடியிருக்கும் வீடு ஒன்றில், பாட்டு ஓடும்போது தானாக ஒருமுறையும் நிற்காமல் பதினான்கு நாள் ஓடியதைக் காட்டும் லொக், அதாவது பெட்டி தானே எழுதும் பதிவு, வேண்டும். அது இல்லாவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாவிட்டால் ஐந்து பேரின் ஒரு வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

சோதனைக்குக் கிடைத்தது இணுவிலில் சிவபாதம் ஐயாவின் வீடு. சீமெந்துத் தொழிற்சாலையில் ஃபிற்றராக இருந்தவர். பெட்டியை வாங்கிக் கொடுத்தவன் ரொறன்ரோவில் இருக்கும் மகன் கோபி. தகப்பனும் மகனும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. மகன் தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்ததுதான் காரணம் என்று ஐயாவின் மனைவி, அந்த வீட்டு அம்மா, தேத்தண்ணி தந்தபடி சொன்னார்.

"உது எனக்கு வாங்கித் தந்தது பிள்ளை. அவர் தொடமாட்டார்."

வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் கணக்கில் ஊரில் வீடு முழுக்கப் பாட்டுக் கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். நானும் யோசிக்காமல் கோபியின் ஸ்ட்ரீமிங் கணக்கையே பெட்டியில் இணைத்தேன்.

முதல் நாள் விறாந்தையிலும் குசினியிலும் பாட்டு அரை செக்கன் விலகி ஒலித்தது. "குசினியிலை பாடுறவர் பிந்தியெல்லோ வாறார்" என்றார் அம்மா. பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பஃபரைச் சரிசெய்து இரண்டையும் ஒன்றாக்க மூன்று நாள் எடுத்தது. அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

2. லொக் சொன்னது

பதினான்காம் நாள் லொக்கைத் திறந்தேன். தலைக்கனம் இறங்கிவிட்டது. பின்னேரம் 4.10, 4.12, 4.09 என்று கிழமை நாட்களில் எல்லாம் பாட்டு நின்றிருந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள். சனி, ஞாயிறு மட்டும் நிற்கவில்லை.

மின்சாரத்தைச் சந்தேகித்தேன், ரவுட்டரைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் வீணாயிற்று. எங்கள் முதலாளி கேதீஸ் அண்ணை வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"பெட்டிக்குச் சனி ஞாயிறு தெரியுமோ தங்கச்சி? மனிசருக்குத்தான் அது தெரியும். ஆள் ஆரெண்டு பாரும்."

அப்போதுதான் விளங்கியது. இந்தச் சேவையில் ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாடும். எங்கள் பின்னேரம் ரொறன்ரோவில் காலை; கோபி அங்கே பாட்டுப் போட்டால் இணுவிலில் நின்றுவிடும். "வேறிடத்தில் பாடுகிறது" என்று சேவை ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பையும் "இணையக் கோளாறு" என்ற பட்டியலில் போட்டு மூடியது நான் எழுதிய கோட். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கென்று தனிக் கணக்கு எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.

3. ஐயாவின் முறைப்பாடு

நான்காம் நாள் போன் வந்தது. பெட்டியைத் தொடமாட்டார் என்று சொல்லப்பட்ட அதே சிவபாதம் ஐயா.

"பிள்ளை, பாட்டு ஏன் இப்ப நிக்கிறேல்லை?"

"திருத்திப்போட்டன் ஐயா. இனி நிக்காது."

"ஆர் உம்மைத் திருத்தச் சொன்னது?"

எனக்குக் கோபம் வந்தது. நேரே இணுவிலுக்குப் போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். ஐயா ஸ்பீக்கருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கதைத்தார்.

"ஒருநாள் மனுசி அவனோடை போனிலை கதைச்சுக்கொண்டிருந்தவ. 'கார் ஸ்ராட் பண்ணிப்போட்டன், பாட்டுப் போடப்போறன்' எண்டு சொல்லி அவன் வைச்சான். அந்த நேரம் பாத்து இஞ்சை பாட்டு நிண்டுது. அடுத்த நாளும் அதே நேரம். மெஷின் சத்தத்தோடை கிடந்த ஆளெல்லோ நான், உடனை பிடிச்சிட்டன்."

ஸ்பீக்கர் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

"பாட்டு நிண்டால் பெடி சுகமா எழும்பி வேலைக்கு வெளிக்கிட்டிட்டான் எண்டு அர்த்தம். இப்ப நாலு நாளா எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

முறைப்பாடு வராததன் காரணம் இதுதான். நான் என் வேலையின் திறம் என்று நினைத்திருந்தேன்.

பழையபடி விட்டால் எங்கள் லொக் நாசம். கேதீஸ் அண்ணையிடம் பயந்து பயந்து சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப சோதனையை என்ரை வீட்டிலை வைப்பம். உந்த வீட்டை உப்பிடியே விடும்" என்றார். அனுமதி கிடைக்க மேலும் ஒரு மாதம் பிந்தியது.

கோபியின் கணக்கை மறுபடி இணைக்க அவனுடைய சம்மதம் வேண்டும். போன் எடுத்து, காரணத்தை மறைக்காமல் சொன்னேன்.

"அப்பாவோ கேட்டவர்?"

"ஓம். அப்பாதான்."

"சரி அக்கா. போட்டுவிடுங்கோ" என்று வைத்துவிட்டான்.

எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லொக்கைப் பார்த்துப் பழுது என்று முடிவுகட்டுமுன் அந்த வீட்டாரை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் திருத்தி ஒரு மனிதரை நான் நாலு நாள் தவிக்க விட்டேன்.

அடுத்த நாள் அந்த வீட்டு லொக்கைப் பார்க்கும் தேவை எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். 4.10க்குப் பாட்டு நின்றது. 4.11க்கு விறாந்தை ஸ்பீக்கரில் மறுபடி தொடங்கியது. தொடக்கியது இணுவிலில் இருந்து அல்ல, ரொறன்ரோவில் கோபியின் போனில் இருந்து. ஒரு கணக்கு ஓரிடத்தில்தான் பாடும் என்பதால், அன்று கோபி காரில் பாட்டில்லாமல்தான் வேலைக்குப் போயிருப்பான். விறாந்தையில் நாற்பது நிமிடம் பாடியது. ஐயா நிறுத்தவில்லை.