பிசிலாவின் ஓட்டமும் அத்தையின் உரிமையும்

பிசிலாவுக்குக் கால் எத்தனை வேகமோ, புத்தி அத்தனை அவசரம். அவளைப் பெற்றவர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது. போன வருடம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில், எண்ணூறு மீட்டர் ஓட்டத்தின் கடைசி வளைவில் பின்தொடைத் தசை கிழிந்து, டோங்கா தீவின் தலைநகரான நுக்குஅலோஃபா ஊரே பார்க்க விழுந்தாள். தோற்றதுகூடப் பெரிதில்லை. ஓட்டத்தை முடிக்கவிடாமல் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. இது மஞ்சள் சட்டைக் கல்லூரியில் அவளுக்குக் கடைசி வருடம். எந்த இடத்தில் வந்தாலும் சரி, முடிவுக்கோட்டைத் தன் காலால் தாண்டிவிட வேண்டும்.

கணக்கு வாத்தியார் உவாய்செலேதான் பயிற்சியாளர். தசை ஆறும்வரை தரையில் ஓடக் கூடாதென்று, கடல் வற்றும் நேரம் பார்த்து, உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் அவளை ஓடவிட்டார். தானோ கரையில் இளநீரும் கையுமாக உட்கார்ந்துகொண்டார்.

"ஓடச் சொன்னா நண்டு புடிச்சிட்டு இருக்க?"

"நண்டே என்னைத் தாண்டிப் போகுது சார். வேணும்னா நீங்க எறங்கி ஓடிப் பாருங்க."

"நான் எறங்கினா தண்ணி ஊருக்குள்ள வந்துரும். பேசாம ஓடு."

கால் தேறி வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா அவள் கல்லூரிப் பையன்கள் ரக்பியில் ஜெயிக்க வேண்டும்! மத்தளமும் பாட்டுமாக அவர்கள் லாரி வீட்டைக் கடந்தபோது, பிசிலா காலை மறந்து பின்னாலேயே பாய்ந்து ஓடித் தொற்றி ஏறினாள். தசை பட்டென்று பிடித்தது. பாட்டு முடியும்வரை வலியோடு அவளும் பாடினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் அத்தை கலோலைனே வந்து இறங்கினாள். அப்பா சியாலேவுக்கு அக்கா. அவள் வாசலில் தெரிந்தாலே அப்பா நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்துவிடுவார். தம்பி பிள்ளைகளிடம் இருப்பதெல்லாம் அத்தைக்குச் சேர்ந்தது என்பது அந்த ஊர் வழக்கம் என்பதால், பிடித்ததை எடுத்துக்கொண்டு போவாள். ஒருவரும் முகம் சுளிக்கக் கூடாது. ஒரு தடவை பிசிலாவின் புதுக் கெட்டிலைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிக்கொண்டு போனாள்.

"டேய் சியாலே, இவ இனிமே போட்டியில ஓடக் கூடாது. கால் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"சரிக்கா."

அவ்வளவுதான் பேச்சு. அத்தை வாக்குக்கு மேல் வாக்கு இல்லை. பிசிலா தலையணையை நனைத்தாள். அத்தை படித்தது பரம எதிரியான ஊதாச் சட்டைக் கல்லூரியில் என்பதால், மனசுக்குள் அவளைத் திட்டவும் செய்தாள். ஆனால் தண்ணீரில் ஓடக் கூடாதென்று அத்தை சொல்லவில்லையே! உப்பங்கழிக்குத் தொடர்ந்து போனாள். பிறகு டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, தாராளமாக ஓடலாம் என்றார். அதை அத்தையிடம் போய்ச் சொல்லத்தான் வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, ஜெபம் முடிந்து கோயில் வாசலில் ஊதாக் கல்லூரியின் பழைய மாணவி மெலியாமே வாயை விட்டாள். "பிசிலா ஓடலையாமே கலோலைனே? நல்லதாப் போச்சு. போன வருஷம் மாதிரி நடுவுல படுத்துக்கிட்டா உங்களுக்குத்தானே அசிங்கம்."

அத்தையின் விசிறி நின்றது. "யாருடி சொன்னது ஓடலைன்னு?" திரும்பிப் பார்த்தாள். "ஏய் பிசிலா! டாக்டர் என்ன சொன்னார்?"

"ஓடலாம்னார் அத்தை."

"அப்புறம் ஏன்டி உக்காந்திருக்க?"

அப்பா இருமிக்கொண்டே சிரிப்பை விழுங்கினார்.

போட்டியன்று அத்தை ஊதா உடையில் ஊதாக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சுற்றில் ஊதாப் பெண் ஒருத்தி வெகுதூரம் முன்னே போய்விட்டாள். மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்த பிசிலாவுக்கு அதே கடைசி வளைவில் தொடை இறுகியது. அது வலியா, பழைய பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. கால் தயங்கியது.

"பிசிலா! நின்னேன்னா தோலை உரிச்சிருவேன்! ஓடுடி என் தங்கமே!"

வேலிக்கு அந்தப் பக்கம், தொப்பி பறக்க, செருப்பு ஒன்று கழன்று விழ, அத்தை கூடவே ஓடி வந்துகொண்டிருந்தாள். பின்னால் மெலியாமே கத்தினாள்: "ஏ கலோலைனே, நம்ம பொண்ணு முன்னாடி போறா! நீ யாருக்குக் கத்துற?"

"காலேஜு உன்னுது! ரத்தம் என்னுது!"

பிசிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் இளகியது. மூச்சு வாங்க, பல்லெல்லாம் தெரிய, மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். உவாய்செலே சார் இளநீரைக் கீழே போட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார். கழுத்து மறையும்வரை அவளுக்கு மிட்டாய் கோத்த மாலைகள் விழுந்தன. வெண்கலப் பதக்கமும் வந்தது.

அதை அவள் இன்னும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு அத்தை எதிரே வந்து நின்று கையை நீட்டினாள். கெட்டில் போன அன்று வந்த அழுகை பிசிலாவுக்கு இன்று வரவில்லை. பதக்கத்தைக் கழற்றி அத்தையின் கழுத்தில் அவளே போட்டுவிட்டாள்.

அத்தை அதைச் சரிசெய்துகொண்டு, ஊதாக் கூட்டத்துக்குள் ஏறிப் போய், மெலியாமேவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தாள்.