நேசனுக்குக் கொடுக்காத மூச்சு

உயிரோடிருந்த என் நண்பனுக்கு மூச்சுக் கொடுப்பதை நான் நிறுத்தினேன். களைப்பினால் அல்ல. அவன் இறந்துவிட்டான் என்று நானே தீர்மானித்துக்கொண்டதனால்!

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற துணிவு மட்டுமே காரணம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் நேசனும் சிட்னியில் கடல் உயிரியல் படித்துக்கொண்டிருந்தோம். இருவரும் யாழ்ப்பாணத்தார். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரே அறை. ஒரே சட்டியில் சமையல். டிசம்பரில் வகுப்புகள் முடிந்ததும் இளநிலை மாணவர் சிலரைக் கோடைக்கால ஆய்வுக்கு எடுப்பார்கள். எங்கள் வகுப்பிலிருந்து நாங்கள் இருவருமே தெரிவானோம். ஆனால், கோடை முடிவில் ஒருவரைத்தான் ஆய்வுக்குழுவில் தொடர்ந்து வைத்திருக்க முடியும் என்று அந்த ஆய்வை நடத்திய விரிவுரையாளர் மார்கரெட் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த ஒருவன் நேசன்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவன் கூசமாட்டான். எதைக் கண்டாலும் குந்தியிருந்து பார்ப்பான், கேட்பான். நானோ எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டுவேன்.

நகரத்துக்குத் தெற்கே ஒரு பாறைக் கரையில் எங்களுக்கு வேலை. கடல் வற்றும் நேரத்தில் நீர் வடிந்ததும், பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பி வகைகளைப் பார்த்துக் குறிக்க வேண்டும். தொடக்கத்திலேயே மார்கரெட் ஒரு படத்தைக் காட்டி எச்சரித்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பேய்க்கணவாய், ஆக்டோபஸ் இனம். சும்மா இருக்கும்போது வெறும் பழுப்பு நிறம். சீண்டினால் உடம்பெங்கும் நீல வளையங்கள் எரியும். கடித்தாலும் வலிக்காது, ஆனால் அதன் நஞ்சு ஆளைக் கொன்றுவிடும். மாற்று மருந்தும் இல்லை.

அன்று காலை மார்கரெட் பாறையின் மறுகோடியில் நின்றார். நேசன் ஒரு குட்டையருகே குந்தியிருந்தான்.

"மச்சான், இஞ்சை ஒரு பேய்க்கணவாய்க் குட்டி. வளையம் ஒண்டும் தெரியேல்லை. இது அதுவோ?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேளுங்கள்... திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

"அது வேற. பயப்பிடாம எடு."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் எண்டுறன். எடடா!"

ஏன் அப்படிச் சொன்னேன்? பொறாமையா? அவனுடைய ஓயாத கேள்விகள் மேல் இருந்த எரிச்சலா? அவனைக் கொல்ல நினைத்தேன் என்று நீங்கள் எண்ணினால், இல்லை என்பேன். ஆனால் அந்த 'இல்லை'யை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எனக்கே தெரியவில்லை.

"ஐயோ, என்ன வடிவு! வந்து பார் மச்சான்!"

இப்போது திரும்பினேன். அவன் உள்ளங்கையில் நீலம் எரிந்துகொண்டிருந்தது.

"போடு! கீழ போடு!" என்று கத்தினேன். அவன் அதைக் குட்டைக்குள் விட்டான். கடிக்கவில்லை என்றான். தப்பினோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அப்போதே மார்கரெட்டை அழைத்திருக்க வேண்டாமா? அழைத்தால் நான் சொன்னதும் வெளியே வந்துவிடுமே...

சிறிது நேரத்தில், "உதடு விறைக்குது மச்சான்," என்றான் நேசன். நா குழறியது. எழுந்தவனுக்குக் கால்கள் நிற்கவில்லை. என் அலறல் கேட்டு மார்கரெட் ஓடி வந்தார்.

"அதை ஏன் தொட்டான்?"

"தொடாதே என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை."

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. அது எனக்கு முன்பே ஆயத்தமாக இருந்ததுபோல் வெளியே குதித்தது!

நேசனின் மூச்சு நின்றது. மார்கரெட் அவன் தலையைச் சாய்த்து, வாயோடு வாய் வைத்து எப்படி ஊதுவது என்று காட்டினார். "நான் போய்த் தொலைபேசியில் உதவி கேட்கிறேன். என்ன நடந்தாலும் நிறுத்தாதே," என்றுவிட்டு மேட்டில் ஏறி ஓடினார்.

ஊதினேன். அவன் நெஞ்சு எழுந்தது, தாழ்ந்தது. பிறகு அவன் கண்களைப் பார்த்தேன். பாதி திறந்தபடி, அசைவற்று, விரிந்த கருமணிகள்... இமையைத் தொட்டேன், சிமிட்டவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நிறுத்தினேன்.

அந்த வெளியில் வேறு யாருமில்லை. அவன் காதருகே குனிந்து தமிழில் சொன்னேன்:

"மன்னிச்சுக்கொள் மச்சான். நான்தான் எடுக்கச் சொன்னனான் எண்டு தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். நீ செத்திட்டாய். உனக்கு இனி என்ன வந்தது?"

மார்கரெட் திரும்பி ஓடிவரும் காலடி கேட்டதும் அவசரமாக மீண்டும் குனிந்து ஊதினேன். நிறுத்தியிருந்ததை அவர் காணவில்லை. அவர் என்னை விலக்கிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தானே மூச்சுக் கொடுத்தார்.

நேசன் பிழைத்தான்.

மறுநாள் மருத்துவமனை நடையில் டாக்டர் எங்களிடம் சொன்னார்: "இந்த நஞ்சு தசைகளை மட்டும்தான் கட்டிப்போடும். நினைவு தப்பாது. அசைய முடியாமல் கிடந்தாலும் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும்."

எல்லாம்... கேட்டிருக்கும்!

சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் அதிர்ந்ததை அன்பு என்று எடுத்துக்கொண்ட மார்கரெட் என் தோளை அணைத்தார். அப்படியே என்னை உள்ளே அழைத்துப்போனார். கட்டிலில் கிடந்த நேசனிடம், "இவர் உங்களை எச்சரித்தாராமே?" என்று கேட்டார்.

நேசன் என்னை நிதானமாகப் பார்த்தான்.

"ஆம். எச்சரித்தான். நான்தான் கேட்கவில்லை," என்றான் ஆங்கிலத்தில்.

ஏன் அப்படிச் சொன்னான்? இரக்கமா? அருவருப்பா? நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உடல் தேறியதும் கடலே வேண்டாம் என்று படிப்பை மாற்றிக்கொண்டு மெல்பேர்ன் போய்விட்டான். ஆய்வுக்குழுவின் அந்த ஒற்றை இடம் எனக்குக் கிடைத்தது. ஆம், வாங்கிக்கொண்டேன்!

சில ஆண்டுகள் கழித்து, மெல்பேர்னில் நடந்த தன் திருமணத்துக்கு என்னை அழைத்தான். போகாதிருக்கத் துணிவில்லாமல் போனேன். சாப்பாட்டு நேரம். அவனுடைய மாமியார் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"நீங்கள்தானே தம்பி அண்டைக்குப் பக்கத்திலை இருந்தது? மகளின்ர தாலிப் பாக்கியமே உங்களாலதான்."

நேசன்தான் சொன்னான்: "ஓம் மாமி. இவன் என்ர காதுக்குள்ள கதைச்சவன். எனக்கு ஒரு சொல்லும் விடாமல் கேட்டது."

அந்தத் தாயின் கண்கள் நிறைந்தன. "என்ன தம்பி கதைச்சனீங்கள்?"

நேசன் என்னைப் பார்த்தபடி நின்றான். சிரிப்புமில்லை, கோபமுமில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அவன் தந்த இடம் அது. அவ்வளவு பேர் நடுவில்... அல்லது அவனிடம் மட்டுமாவது...

"பயப்பிடாதை, நான் இருக்கிறன் எண்டு சொன்னனான் அன்ரி," என்றேன்.

அவர் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேசன் தலையசைத்தான். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருந்து சாப்பிடு," என்றான்.

இருந்தேன். சாப்பிட்டேன்.