ஒன்றரை மணிக்குள்

கூலிக்கு நாற்றுப் பறித்தவள் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இன்று பூதலூர் பக்கம் அறுவடை மெஷின் வேண்டுமென்றால் என் வாசலுக்குத்தான் வரவேண்டும். மூன்று நிற்கிறது. புருஷன் போன பிறகு யார் தயவும் இல்லாமல் வாங்கியவை. இதைச் சொல்லாமல் எனக்கு எந்தப் பேச்சும் தொடங்காது.

ஒரே மகள். தலைச்சன் பிரசவத்துக்கு ஊர் சுகாதார நிலையமே போதும் என்றாள். “மெஷின்காரி மக அங்க போய்ப் படுக்கிறதா?” என்று தஞ்சாவூரில் ஏசி அறை போட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

வலி வந்தது வியாழக்கிழமை. மதியம் ஒன்றரைக்கு ராகுகாலம். ஒரு மணிக்கே பிரசவ அறைக் கதவைத் தட்டிவிட்டேன். நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள்.

“தலை தெரியுதும்மா. முதல் பிள்ளை, கொஞ்சம் நேரமாகும்.”

“ஒன்றரைக்குள்ள ஆகணும். சொல்லிட்டேன்.”

“இங்க தலைச்சனுக்கு எல்லாருக்கும் கீழ வெட்டித் தையல் போடுறதுதான். வேணும்னா இப்பவே வெட்டச் சொல்றேன்.”

“வெட்டுங்க. அதுக்கென்ன!”

ஒன்று இருபதுக்குப் பேத்தி பிறந்தாள். நேரத்தையே என் சொல்லுக்கு நிற்க வைத்ததுபோல் வார்டு முழுக்க ஜாங்கிரி கொடுத்தேன்.

மகளால் உட்கார முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுத்தாள். ஒன்றுக்குப் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். “உன்னைப் பெத்த பத்தாம் நாள் நான் நடவுல நின்னவடி” என்பேன். என்னை யாரும் வெட்டவில்லை என்பது அப்போது என் நினைப்பிலேயே இல்லை.

பதினாறாம் நாள் தொட்டில் போட்டோம்.

“நின்னுக்கிறேம்மா. மணையில உக்கார முடியாது.”

“ஊரே வந்திருக்கு. அரை மணி உக்காந்தா தேய்ஞ்சா போயிடுவ?”

உட்கார்ந்தாள். எழுந்தபோது பட்டுப்புடவையின் பின்பக்கம் நனைந்திருந்தது. தையல் பிரிந்து சீழ்.

மறுநாள் வீட்டுக்கு வந்த ஊர் நர்ஸம்மா புண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவர் முகமே சரியில்லை.

“எதுக்கும்மா வெட்டுனாங்க? பிள்ளை திணறிச்சா?”

“தலைச்சனுக்கு எல்லாருக்கும் வெட்டுவாங்களாமே.”

“யாரு சொன்னா? தேவைப்பட்டா வெட்டுறதுதாங்க. பிள்ளைக்கு ஆபத்துன்னா வெட்டித்தான் ஆகணும். மத்தபடி தலை மெல்ல வந்தா அதுவே வழி விடும். இவளுக்குத் தேவைப்பட்டுச்சா?”

எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. உள்ளேயிருந்து மகள்தான் பதில் சொன்னாள்.

“பிள்ளை நல்லாத்தான் இருந்துச்சுக்கா. அம்மாவுக்குத்தான் அவசரம். கதவு தொறந்துதான் இருந்துச்சு, எல்லாம் கேட்டுச்சு.”

நான் சொல்லாவிட்டாலும் அங்கே வெட்டித்தான் இருப்பார்கள். இதை அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “இருக்கும்மா” என்பாள். புண் ஆற மூன்று மாதம் ஆனது. புருஷன் பக்கத்தில் போகவே ஒரு வருஷம் பயந்தாளாம். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, நர்ஸம்மாவிடம்தான் சொன்னாள்.

போன வாரம் மருமகன் போன் செய்தார். ஊர் சுகாதார நிலையத்தில் இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டு நாளாகிவிட்டது. வெட்டும் இல்லை, தையலும் இல்லை, உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்றார். வலி வந்ததைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

“நான் எப்ப வரட்டும் மாப்பிள்ளை?”

“அவளைக் கேட்டுட்டுச் சொல்றேங்க அத்தை.”

இன்னும் சொல்லவில்லை.