தங்கவயலில் சொன்ன ஒரு ‘ங்க’

செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு ஆரோக்கியசாமியின் மகள் அழைத்தாள். “அப்பா தவறிட்டாருங்க, மாமா.” “சரிங்க அம்மணி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது ஒரு பதிலா என்று இப்போதும் தெரியவில்லை.

கோவை சிங்காநல்லூர்ப் பஞ்சாலை அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்கு வந்தபோது அவர் பேசியது கோலார் தங்கவயல் தமிழ். முதலாளியிடமே “இன்னா சார், நீ சொல்லு” என்றுவிட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்து, “எதுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுருங்க” என்றேன். போடத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. மேசைக்கடியில் கிடந்த பூனையிடமும் “தள்ளிப் படுங்க” என்பார். அலுவலகமே சிரிக்கும்.

அவரைப் படிக்கவைக்கச் சுரங்கத்தில் இறங்கியவர் அவருடைய அண்ணன். இருமலோடு தனியே இருந்த அந்த அண்ணனைக் கோவைக்கே அழைத்துவர வேண்டும் என்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். எப்படிக் கேட்பது என்று ரயிலில் வாக்கியம் வாக்கியமாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பெரியவர் மனம் கோணிவிடக் கூடாதல்லவா?

அண்ணன் இருந்தது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். சுரங்கக் கழிவு மண் குன்று குன்றாக நிற்க, அதன் அடியில் தகரக் கூரை வரிசை வீடுகள். அண்ணன் வாசலிலேயே, “இன்னாடா, வழி தெரிஞ்சுதா?” என்று தம்பியின் தோளில் ஓங்கி அறைந்தார்.

“சௌக்கியமுங்களாண்ணா? நீங்க எங்ககூட வந்து இருக்கோணுமுங்க.”

அண்ணனின் கை இறங்கியது. “யாராண்ட பேசுற? நான் இன்னா உன் முதலாளியா? வெளியாளு வூட்டுல வந்து நான் இன்னாத்துக்குக் குந்தணும்?”

ஆரோக்கியசாமி பழைய பேச்சைத் தேடினார். “இல்லீங்க...” என்றுதான் வந்தது. ‘சொல்லிக்கொடுத்தவன் நான்’ என்று நான் குறுக்கிட்டிருக்கலாம். டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எங்களுடன் வரவில்லை.

திரும்பும்போது ஆரோக்கியசாமி என்னை நோகவில்லை. “உங்க மேல தப்பில்லீங்க. என்ற நாக்கு மேலதானுங்க” என்றார்.

நேற்று அடக்கத்துக்கு அண்ணன் வந்திருந்தார். பெட்டியின் மேல் குனிந்து, “டேய், எந்திரிடா. ‘ங்க’ போட்டே கூப்புடுடா. வரேன்டா” என்றார்.

குழியில் மண் போடும்போது, ஆரோக்கியசாமி, ஒரு தடவையாவது உங்களை ‘நீ’ என்று சொல்லிவிடப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. போய் வாருங்கள்.